கார்டில் இருந்த பெயர்

மெர்சி சிஸ்டருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நோயாளிக்கு நினைவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும், பேர் சொல்லிக் கூப்பிடாமல் அந்த உடம்பின் மேல் ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. ஊசி போடணுமா, பேரைச் சொல். புரட்டிப் படுக்க வைக்கணுமா, பேரைச் சொல்லி, இந்தப் பக்கம் திருப்பப் போகிறோம் என்று தகவல் கொடுத்துவிட்டுத் திருப்பு. புதிதாக வேலைக்கு வருகிற நர்ஸ் பெண்கள் முதல் வாரம் இதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இரண்டாவது வாரம் மெர்சியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

"கட்டையா அது? மனுசன்மா! ஆசை ஆசையா பேர் வெச்சிருக்காங்க இல்ல, எதுக்கு வெச்சாங்க?" என்பாள்.

பொன்னேரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற அந்த விபத்து ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக இதே பாட்டுதான். லாரியில் அடிபட்டவன், மெஷினில் கை கொடுத்தவன், சாரத்திலிருந்து விழுந்தவன் என்று வருகிற அத்தனை பேரும் அவள் வாயால் ஒரு தரமாவது பேர் சொல்லிக் கூப்பிடப்பட்டவர்கள்தான். சிஸ்டரின் பாசமெல்லாம் நினைவில்லாமல் கிடக்கிறவர்களுக்கு, நினைவோடு நடமாடுகிற நமக்கெல்லாம் ஏச்சுதான் என்று வார்டில் வேலை பார்க்கும் எல்லம்மா அலுத்துக்கொள்வாள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு சின்ன யானை சரக்கு வண்டி வந்து வாசலில் கிறீச்சென்று நின்றது. ஆம்புலன்ஸ் வருகிறவரை பொறுக்க முடியாமல், கம்பி உருட்டுகிற ஆலை ஒன்றிலிருந்து நாலு பேர் ஆளை மரப்பலகையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். கிரேனில் தொங்கிய கம்பிக்கட்டு அவிழ்ந்து சரிந்ததில் ஆள் அடியில் மாட்டிக்கொண்டானாம். முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிக் கிடந்தன. வலது தொடை இருக்க வேண்டிய கோணத்தில் இல்லை. வந்தவர்களில் ஒருவன் கழுத்துப் பட்டையோடு ஓர் அடையாள அட்டையை மெர்சியின் கையில் திணித்தான்.

"பேர் இன்னா?"

"கார்டுல கீது சிஸ்டர்."

"கூட வேலை செய்யறவன்தானே நீ? வாயால சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"கார்டுல கீது சிஸ்டர்" என்றான் மறுபடியும். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் நாலு பேரும் வண்டி ஏறிப் போய்விட்டார்கள்.

கார்டில் கணேசன் என்று இருந்தது. ஒப்பந்தத் தொழிலாளி. ரத்த வகை ஓ பாசிட்டிவ். போட்டோ வியர்வையில் நனைந்து நனைந்து வெளுத்துப்போய்த் தாடி மட்டும்தான் தெரிந்தது. படுத்திருந்தவனுக்கும் தாடி இருந்தது.

"கணேசா" என்று மெர்சி அவன் காதருகே குனிந்தாள். "நான் மெர்சி. நீ ஆஸ்பத்திரிக்கு வந்துட்டே. இனிமே எங்க பொறுப்பு. பயப்படாதே."

டாக்டர் பூவராகவன் கால்மாட்டில் வந்து நின்றார். பலத்த அடிபட்டவர்கள் வரும்போது அவர் தொட மாட்டார். நிற்பார், பார்ப்பார், சொல்வார். தலைமாட்டில் ஒருவர் மூச்சுக்குழாய்க்கு, இரண்டு கைக்கும் இரண்டு பேர் ஊசிக்கு, நெஞ்சுக்கு ஒருவர் என்று அவரவர் இடம் அவரவருக்குத் தெரியும். அவர் சொல்வதைச் செய்கிறவர் திருப்பிச் சொல்லியாக வேண்டும். செய்து முடித்ததும் மறுபடி சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து கேட்டால் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். அந்த ஒப்பித்தலில்தான் எத்தனையோ உயிர் தப்பியிருக்கிறது.

"இடது நெஞ்சுல காத்து அடைச்சிருக்கு. டியூப் போடுங்க."

"இடது நெஞ்சு, டியூப் போடறேன் சார்."

"வகை தெரியற வரைக்கும் ஓ நெகட்டிவ் ரெண்டு பை. அதுக்கு முன்னாடி சாம்பிள்."

"சாம்பிள் எடுத்துட்டேன், கட்டில் பக்கத்துலயே பேர் எழுதிட்டேன். ரெண்டு பை ஏத்தறேன் சார்" என்றாள் மெர்சி.

"இடுப்பு ஆடுது. கட்டு."

இடுப்புக் கட்டு எல்லம்மாவின் வேலை. பழவேற்காட்டில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவள் அவள். படுக்கை விரிப்பை நீளமாக மடித்து இடுப்புக்கு அடியில் செருகி, இரண்டு முனையையும் இழுத்து ஒரு முடிச்சுப் போட்டாளென்றால் உடைந்த எலும்பு அசையாது. உள்ளே கசிகிற ரத்தமும் அடங்கும். அந்த முடிச்சை அவிழ்க்கப் பெரிய டாக்டர்களே அவளைத்தான் கூப்பிட வேண்டும்.

"கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும், பொறுத்துக்கோ கணேசா, என் நைனா இல்ல" என்று சொல்லிக்கொண்டே கட்டினாள். மெர்சியின் வியாதி அவளுக்கும் தொற்றிக்கொண்டு வருஷக்கணக்காகிறது.

ஆபரேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போகிற நேரத்தில் ரத்த வங்கியிலிருந்து எபினேசர் போன் செய்தான்.

"சிஸ்டர், ஃபாரத்துல கார்டைப் பார்த்து ஓ பாசிட்டிவ்னு எழுதியிருக்கீங்க. டியூப்ல பி பாசிட்டிவ் வருது. டியூப் கியூப் மாறிடுச்சா?"

மெர்சிக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. "எபினேசர்! இருபத்திரண்டு வருஷத்துல நான் ஒரு டியூப் மாத்தினதா எவனாவது சொல்லட்டும், இந்த யூனிஃபார்மைக் கழட்டிக் குடுத்துட்டுப் போறேன்."

வாய் இப்படிப் பொரிந்தாலும் கை அதுபாட்டுக்கு இன்னொரு டியூபை எடுத்தது. இந்த விஷயத்தில் ரோஷம் பார்த்தால் ஆள் செத்துப் போவான் என்று அவளுக்குத் தெரியாதா? மறுபடி ரத்தம் எடுத்து, மறுபடி பேர் எழுதி, அவளே கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள். மறுபடியும் பி பாசிட்டிவ்.

"கார்டுதான் தப்பு. எவனோ குத்துமதிப்பா அடிச்சிருக்கான். ரத்தத்தை நம்புங்க, கார்டை நம்பாதீங்க" என்றார் பூவராகவன். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. கார்டில் வகை தப்பென்றால் பேர் மட்டும் எப்படிச் சரியாக இருக்கும் என்று அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

நொறுங்கிப் போன மண்ணீரலை எடுத்தார்கள். தொடையை வெளிப்பக்கமாகக் கம்பி போட்டு நிறுத்தினார்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு அவன் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தபோது மூச்சு மெஷினில் ஓடியது, உயிர் தங்கியிருந்தது. அந்த நாளுக்கு அது போதும்.

வெளியே பெஞ்சில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீலப் புடவை எழுந்து வந்து, "நான் பானு. அவரு சம்சாரம்" என்றது. கூட இருந்தவளைக் காட்டி, "இது ரோசம்மாள். பக்கத்து ஊடு" என்றது. ரோசம்மாள் எழுந்திருக்கக்கூட இல்லை. மடியில் ஒரு தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ். மெர்சி பாஸில் பானு, மனைவி என்று எழுதிக் கொடுத்தாள். பிறகு வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, தினமும் மாத்திரை எடுப்பாரா?

"ஒண்ணும் கிடையாது சிஸ்டர்" என்றாள் பானு.

"முன்னாடி ஆபரேஷன் ஏதாவது?"

"ஒண்ணும் கிடையாது."

"வயித்துல வலது பக்கம் பழைய தழும்பு கீதே?"

பானு விழித்தாள். பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "குடல்வாலு சிஸ்டர். கல்யாணத்துக்கு முன்ன எடுத்தது. அப்பால ரெண்டு மாசம் முன்ன மஞ்சக்காமாலை வந்துச்சு."

மெர்சி எழுதிக்கொண்டாள். அவன் கழுத்திலிருந்து கழற்றிய சின்ன வெள்ளிச் சிலுவையைப் பையில் போட்டுப் பானுவிடம் கொடுத்தாள். கணேசன் கழுத்தில் சிலுவை இருப்பதெல்லாம் இந்தப் பக்கம் பெரிய அதிசயமில்லை. வேளாங்கண்ணிக்குப் போய் வந்தவர்களாக இருப்பார்கள். ஆனால் பானு பையை வாங்கின கையோடு அதை ரோசம்மாளின் மடியில் வைத்தாள். ரோசம்மாள் அதை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எல்லம்மாவுக்கு இது போதாதா? "பொண்டாட்டிக்குத் தெரியாத தழும்பு பக்கத்து ஊட்டுக்காரிக்குத் தெரியுது. இன்னா சிஸ்டர் கூத்து இது?" என்றாள் காதோடு காதாக.

"உனக்கு எதுக்கு ஊர்க்கதை? போய்ப் படுக்கை மாத்து" என்று மெர்சி அதட்டினாள். ஆனால் அவளுக்கும் மனசுக்குள் அந்த எண்ணம்தான் ஓடியது. கூடப் பிறந்தவளைப் போலப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கட்டினவளுக்கே துரோகம் பண்ணுகிறாளே, இவளெல்லாம் ஒரு பொம்பளையா?

மறுநாள் காலையில் ரோசம்மாள் தூக்குச்சட்டியோடு வந்து நின்றாள். கஞ்சி.

"வாயில குழாய் கீதும்மா அவருக்கு. கஞ்சி எப்படி ஊத்தறது?"

"எழுந்தா பசிக்கும் சிஸ்டர்."

"எழுந்தா அவரு பொண்டாட்டி பார்த்துப்பா. உனக்கு ஊடு வாசல் கிடையாதா? சொம்மா எதுக்கு இங்க வந்து குந்திக்கினு கீறே?"

ரோசம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பானுதான் என்னவோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள். எதிர் டீக்கடையிலிருந்து தாடி வைத்த ஒரு ஆள், பார்க்கக் கடைக்காரன் மாதிரி இருந்தான், பிளாஸ்கில் டீ வாங்கிக்கொண்டு வந்து பெண்கள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையைப் பார்த்தபடியே திரும்பிப் போனான். ரோசம்மாளிடம் தான் கேட்ட அந்த வார்த்தையை நினைத்து மெர்சி பின்னால் எத்தனை நாள் தூங்காமல் கிடந்தாள் என்பது தனிக்கதை.

உள்ளே அவள் கணேசனை விடவில்லை. "கணேசா, வாய் சுத்தம் பண்றேன்." "கணேசா, நெஞ்சுல சளி எடுக்கணும், இருமல் வரும், கோவிச்சுக்காதே." "கணேசா, இன்னைக்கு யூரின் நல்லாப் போயிருக்கு, கெட்டிக்காரன்டா நீ." ஐந்து நிமிஷம் பார்க்க வரும் பானு இதையெல்லாம் கட்டில் ஓரத்தில் நின்று கேட்பாள். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடுவாள். பாவம், புருஷன் மேல் அவ்வளவு பாசம் என்று மெர்சி நினைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குத் தூக்க மருந்தை நிறுத்தினார்கள். ரத்த அழுத்தம் சீராகிவிட்டது, வயிறு சரி, முக வீக்கமும் இறங்கியிருந்தது. இனி அவன் எழுந்திருக்க வேண்டும். அதுதான் பாக்கி. தலையில் எடுத்த முதல் ஸ்கேனில் ஒரு சின்ன ரத்தக் கன்றல் இருந்தது. எட்டு மணி கடந்தது, பத்து கடந்தது. மெர்சி கால் மணிக்கு ஒரு தரம் வந்து, "கணேசா, கண்ணைத் திற. கையை அழுத்து" என்றாள். நகத்தை அழுத்தினால் கை விருட்டென்று பின்னால் போனது. கண் திறக்கவில்லை. கூப்பிட்ட குரலுக்குப் பதிலே இல்லை.

பூவராகவன் பதினொன்றரைக்கு வந்து அவன் கண்மணிகளில் டார்ச் அடித்துப் பார்த்தார். "மருந்து இறங்க நேரமாகலாம். தலைக்குள்ள கன்றல் பெருசாகியிருக்கவும் வாய்ப்பிருக்கு. ரெண்டு மணி வரைக்கும் பார்ப்போம். கூப்பிட்டுப் பதில் சொல்லலேன்னா சென்னைக்கு அனுப்பிடலாம். இங்க மூளை சர்ஜன் இல்லை."

"வழியில தாங்குவாரா சார்?"

"மெஷினோட, இந்த இடுப்போட, அந்த டிராஃபிக்ல..." அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. "குடும்பத்துக்குச் சொல்லிடுங்க சிஸ்டர்."

மெர்சி வெளியே வந்து இரண்டு பெண்களுக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். பானு அழ ஆரம்பித்தாள். ரோசம்மாள் அழவில்லை. தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"சிஸ்டர், நீங்க அவரு காதாண்ட குந்திக்கினு அவ்ளோ பாசமா பேர் சொல்லிக் கூப்பிடறீங்களாமே. பானு வந்து சொல்லி சொல்லி அழுவா."

"ஆமா. அதுக்கு இன்னா இப்போ?"

"அது அவரு பேரு இல்ல சிஸ்டர்."

மெர்சிக்கு ஒரு கணம் புரியவில்லை. பானு ரோசம்மாளின் கையைப் பிடித்து இழுத்தாள். ரோசம்மாள் உதறினாள்.

"உடு பானு, அவரே போயிட்டா வேலையை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? சிஸ்டர், உள்ள கீறது என் ஊட்டுக்காரரு. இம்மானுவேலு. மஞ்சக்காமாலைன்னு ரெண்டு மாசம் படுத்துட்டாரு, அவரு கார்டை கட் பண்ணிட்டாங்க. கணேசன் அண்ணனும் அவரும் சின்ன வயசுலேர்ந்து ஒண்ணா திரிஞ்சவங்க. அண்ணன் பொண்ணு தேவதர்ஷினி ஸ்கூல் கபடி டீம்ல கீறா. செவ்வாக்கிழமை திருவள்ளூர்ல மேட்ச். அப்பா வந்தே ஆவணும்னு அழுதுச்சு. லீவு போட்டா அண்ணன் கார்டும் போயிடும். 'நீ போய்ப் பொண்ணு ஆடறதைப் பாரு, உன் கார்டுல நான் போறேன்'னு இவருதான் வாங்கி மாட்டிக்கினு போனாரு."

ஒருத்தன் கார்டில் இன்னொருத்தன் போவது அந்தத் தொழிற்பேட்டையில் யாருக்கும் புதிதில்லை. கேட்டில் கார்டைத்தான் பார்ப்பார்கள், முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ஆள் கணக்கு சரியாக இருந்தால் கான்ட்ராக்டருக்குப் போதும். அடி படாத வரைக்கும் எல்லாருக்கும் சௌகரியம்.

"கான்ட்ராக்டரு போன் பண்ணாரு. வெளிய தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் ஜென்மத்துக்கும் வேலை கிடையாது, வைத்தியச் செலவும் கார்டு பேருக்குத்தான் குடுப்பாங்க, வாயத் தொறந்தா ரெண்டு ஊட்டு சோத்துலயும் மண்ணுதான்னாரு" என்று பானு விக்கினாள். "அதனாலதான் நான் பொண்டாட்டியா வந்து குந்தினேன். சொந்தப் புருசன் டீக்கடையில ஒளிஞ்சிக்கினு கீறாரு. இவ மூணு நாளா கதவுக்கு வெளியவே கெடக்கறா சிஸ்டர். என்னால பார்க்க முடியல."

மெர்சி நெற்றியில் அடித்துக்கொண்டாள். இரண்டு டியூபும் பி பாசிட்டிவ் என்று ரத்தமே கத்திக் கத்திச் சொல்லியும் புரியவில்லையே! பேர் சொல்லாமல் தொடக்கூடாது என்று ஊரையே அதட்டியவள், மூணு நாளாக ஒருத்தனை அடுத்தவன் பேர் சொல்லிக் கொஞ்சியிருக்கிறாள். அதைவிட, கட்டின பெண்டாட்டியைப் பார்த்து உனக்கு ஊடு வாசல் கிடையாதா என்று கேட்டிருக்கிறாள்.

"அடிப்பாவி" என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. "நான் அப்படிப் பேசினேனே, செவுள்ல ஒண்ணு விட்டிருக்கக் கூடாதா நீ? எதுக்குடி தலையைக் குனிஞ்சே?"

"நீங்க அவரை நல்லாப் பார்த்துக்கினீங்களே சிஸ்டர்" என்றாள் ரோசம்மாள்.

மெர்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "பாஸ் யாராண்ட கீது?"

பானு தன் பாஸை எடுத்து ரோசம்மாளின் கையில் வைத்தாள். மெர்சி அதை வாங்கி வாய்விட்டுப் படித்தாள். "பானு. மனைவி." பாஸ் இல்லாமல் பெரிய பெரிய ஆட்களின் மச்சானைக்கூட உள்ளே விடாதவள் அவள். பாஸைத் திருப்பிக் கொடுத்தாள். "அவரு இன்னொருத்தன் கார்டுல படுத்துக்கினு கீறாரு. நீ இன்னொருத்தி பாஸுல உள்ள வா. சரியாப் போச்சு. டாக்டராண்ட அப்பால நான் பேசிக்கறேன்."

உள்ளே வந்த ரோசம்மாள் கட்டிலைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். குழாய், கம்பி, கட்டு. ஆள் பாதியாகிப் போயிருந்தான். எல்லம்மா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். ஏதோ புரிந்துவிட்டது அவளுக்கு. ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"பேர் சொல்லிக் கூப்பிடு" என்றாள் மெர்சி.

"ஐயோ, நான் பேரே சொன்னதில்ல சிஸ்டர்."

"பின்ன எப்படித்தான் கூப்பிடுவே?"

அந்த நிலைமையிலும் ரோசம்மாளுக்கு வெட்கம் வந்தது. "யோவ்னுதான்."

"அப்போ அதையே சொல்லு. காதாண்ட போய்ச் சொல்லு."

ரோசம்மாள் குனிந்தாள். "யோவ்" என்றாள் காற்றாக. ஒன்றும் நடக்கவில்லை. மானிட்டர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டாள். மூணாவது தரம் அழுகையும் கோபமும் கலந்து, விடிகாலையில் அவள் வீட்டில் எப்படிக் கத்துவாளோ அப்படியே கத்தினாள்.

"யோவ்! மணி அஞ்சாச்சு, எழுந்திரு! வேன்காரன் முக்குல ஆரன் அடிக்கிறான் காதுல விழல? நாஷ்டா டப்பா கட்டி வெச்சிட்டேன். தெனமும் இதே பேஜாரு உன்னோட! எழுந்திருய்யா!"

இம்மானுவேலின் புருவம் சுருங்கியது. இன்னும் ஐந்து நிமிஷம் விடேன் என்கிற மாதிரி முகம் சுளித்தது. பிறகு, இடது கண் ஒரு கீற்றாகத் திறந்தது, அப்புறம் வலது கண். இரண்டும் மெல்லத் தேடிப் போய் ரோசம்மாளின் மேல் நின்றன.

"சார்!" என்று மெர்சி போட்ட சத்தத்தில் பூவராகவன் ஓடிவந்தார். அவன் விரல்களுக்குள் தன் இரண்டு விரலை வைத்தார். "கையை அழுத்துங்க." அழுத்தினான். "விடுங்க." விட்டான். "கால் கட்டைவிரலை ஆட்டுங்க." ஆட்டினான். டாக்டர் முகத்தில் மூணு நாள் களைப்பும் ஒரே நொடியில் போய்விட்டது. எல்லம்மா கையைக் கூப்பி மேலே பார்த்தாள்.

"குழாய் இருக்கு, பேச முடியாது. நான் கேட்கறதுக்கு ஆமான்னா ரெண்டு தரம் அழுத்தணும், இல்லேன்னா சும்மா இருக்கணும். சரியா? உங்க பேர் கணேசன்தானே?"

மெர்சி தடுப்பதற்கு வாயைத் திறந்தாள். அதற்குள் இம்மானுவேலின் கண் டாக்டரின் முகத்துக்குப் போனது, ரோசம்மாளிடம் வந்தது. பயம் தெரிந்தது அதில். எங்கே இருக்கிறோம், என்ன ஆயிற்று என்று ஒன்றும் தெரியாது. கேட்டில் யார் கேட்டாலும் என்ன சொல்ல வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது. டாக்டரின் விரலை அழுத்தினான். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு தரமும் அழுத்தினான்.

"சபாஷ்! பேர் ஞாபகம் இருக்கு" என்று பூவராகவன் சந்தோஷமாகக் கேஸ் ஷீட்டில் எழுதப் போனார்.

ரோசம்மாள் வாயை முந்தானையால் அடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். பெஞ்சருகே பிளாஸ்கோடு நின்றிருந்த தாடிக்காரன் அவள் வந்த வேகத்தைப் பார்த்து வெலவெலத்துப் போனான். ரெண்டு மணிக்கு சென்னைக்கு அனுப்பப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அப்போதுதான் டீக்கடையை விட்டு உள்ளே வந்திருந்தான்.

"எழுந்துட்டாருண்ணா! கண்ணு முழிச்சிட்டாரு!" அழுகைக்கும் சிரிப்புக்கும் நடுவில் அவளுக்குச் சொல்ல வரவில்லை. "டாக்டரு உன் பேரு கணேசனான்னு கேட்டாரு. ஆமாம்னு கையை அழுத்தறாருண்ணா. ரெண்டு வாட்டி!"

கணேசன் பிளாஸ்கைக் கீழே வைத்தான். அப்படியே சுவரோரம் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். பானு தொட்டதும் எழுந்தான். பாஸும் இல்லை, செருப்பையும் கழற்றவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். மெர்சி தடுக்கவில்லை.

"சார், கணேசன் நானு. அந்தக் கார்டு என்னுது. படுத்துக்கினு கீறது இம்மானுவேலு. அந்த ரிஜிஸ்டரு எங்க கீது, போலீஸு எங்க கீது சொல்லுங்க, எழுதித் தரேன்."

பூவராகவன் பேனாவோடு நின்றார். மெர்சி நாலு வரியில் விஷயத்தைச் சொன்னாள்.

"வெளிய தெரிஞ்சா உங்க வேலை போயிடும் இல்ல?" என்று கேட்டார் அவர்.

"போனா போவுது சார். சாவுற எடத்துலயும் என் பேரை உடாம புடிச்சிக்கினு கீறான். நான் டீக்கடையில ஒளிஞ்சிக்கினு கெடந்தேன் சார், மூணு நாளா. இதுக்கு மேல எந்த மூஞ்சை வெச்சிக்கினு அந்தக் கார்டை மாட்டிக்கினு போவேன்?"

டாக்டர் கேஸ் ஷீட்டைப் பார்த்தார். "போலீஸ்ல சொல்லணும், ரிஜிஸ்டரைத் திருத்தணும். கான்ட்ராக்டர் பதில் சொல்லியாகணும். அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்." பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா இவர் தப்பான பேரைச் சொல்லியிருக்காரே. மூளையில குழப்பம் இருக்குன்னு எழுதணுமா?"

"குழப்பமா?" மெர்சி சிரித்தாள், கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "சார், மூளை அருமையா வேலை செய்யுது. அதனாலதான் பொய் சொல்றாரு."

எல்லம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். டாக்டரும் சிரித்துவிட்டு, எழுதியதை அடித்துத் திருத்தினார். மெர்சி கட்டிலின் தலைமாட்டுப் பலகையிலிருந்த கணேசனைத் துணியால் துடைத்துவிட்டுக் கொட்டை எழுத்தில் இம்மானுவேல் என்று எழுதினாள். பிறகு காதருகே குனிந்தாள்.

"இம்மானுவேல்."

அவன் கண்கள் சட்டென்று மிரண்டு அவளைப் பார்த்தன.

"பயப்படாதே. கணேசன் வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு. அதோ நிக்கிறாரு பார். இனிமே நீ அந்தப் பேருக்குப் பதில் சொல்ல வேணாம்."

இம்மானுவேல் பார்த்தான். கட்டிலின் கால்மாட்டில் கணேசன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றான். இம்மானுவேலின் விரல்கள் விரிப்பின் மேல் எதையோ தேடின. மெர்சி தன் கையைக் கொடுக்கப் போனாள், பிறகு விலகி, கணேசனின் கையைப் பிடித்து இழுத்து அந்த விரல்களுக்குள் வைத்தாள். அவன் அழுத்தினான். ஒரு தரம், இரண்டு தரம். மூணாவது தரம் அழுத்தின பிடியை விடவே இல்லை.

"தேவதர்ஷினி டீம் ஜெயிச்சிடுச்சுடா" என்றான் கணேசன்.